நூதனசாலையைக் கட்டியவர் யார்?

மாணவர்களைக் கொழும்புக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் தவறாது காட்டும் இடங்களுள் நூதனசாலை ஒன்று. நானும் பல முறை அழைத்துச் சென்றிருக்கிறேன். கறுவாத்தோட்டத்து அகன்ற வீதியிலே வண்டியை விட்டிறங்கி, விழுதூன்றிய ஆலமரங்களைக் கடந்து, புல்தரைக்கு அப்பால் வெண்ணிறமாய் எழுந்து நிற்கும் அக்கட்டிடத்தை முதன்முறை காணும் பிள்ளைகளின் முகத்திலே ஒரு வியப்புத் தோன்றும். வரிசை வரிசையான வளைவுகளையும், மாடியையும், முன்னே நீண்டு நிற்கும் முகமண்டபத்தையும் பார்த்துவிட்டு, இது எந்த அரசனின் மாளிகை என்று கேட்பாரும் உண்டு.

அண்மையில் அவ்வாறு சென்றபோது, முற்றத்திலே நிற்கும் உருவச்சிலையின் அடியில் நின்ற மாணவன் ஒருவன், "ஐயா, இதைக் கட்டினது ஆர்?" என்று கேட்டான். நான் சற்றும் தயங்காது சிலையைச் சுட்டி, "இவர்தான். சேர் வில்லியம் கிரெகரி. 1877 ஆம் ஆண்டு திறந்து வைத்தவர்" என்றேன். அவன் சிலையை மேலும் கீழும் பார்த்தான். கோட்டு அணிந்த பெரிய மனிதர் ஒருவரின் உருவம் அது. "இவரே கட்டினவர்?" என்று மறுபடியும் கேட்டான். உடன் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அவர்களை உள்ளே அழைத்துச் சென்றேன். வீடு திரும்பிய பின்னரே, அந்தக் கேள்வி சிரித்து ஒதுக்கத் தக்கதன்று என்பது எனக்கு உறைத்தது.

இதிலே எனக்கு நாணம் தந்த செய்தி ஒன்றுண்டு. மூன்றாம் வேற்றுமையை ஆண்டுதோறும் வகுப்பிலே படிப்பிப்பவன் நான். அரசனால் கட்டப்பட்ட கோயில் என்றால் அரசன் ஏவுதற் கருத்தா; தச்சனால் கட்டப்பட்ட கோயில் என்றால் தச்சன் இயற்றுதற் கருத்தா. ஏவியவனும் கருத்தாவே, இயற்றியவனும் கருத்தாவே. இருவரையும் வேறு வேறாக அறிதல் வேண்டும் என்பது நம் இலக்கணம். கரும்பலகையில் எழுதிக் காட்டும் இந்தப் பாடத்தை, கட்டிடத்தின் முன்னே நின்றபோது நானே மறந்துவிட்டேன். ஏவியவர் பெயரை மட்டுமே சொன்னேன். அந்தப் பிழையைத் திருத்தும் முயற்சியே இக்கட்டுரை.

ஏவியவரிடமிருந்தே தொடங்குவோம். சேர் வில்லியம் ஹென்றி கிரெகரி 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர். அயர்லாந்து தேசத்தவர், 1816 ஆம் ஆண்டு டப்ளின் நகரிலே பிறந்தவர். கலைப் பொருள்களிலும் நூல்களிலும் அவருக்கு இருந்த பற்று உண்மையானது. இங்கு வருமுன்பே, 1860 ஆம் ஆண்டில் பிரித்தானிய நூதனசாலையைப் பற்றி ஆராய்ந்த பாராளுமன்றக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் தர்மகர்த்தாக்களுள் ஒருவராகவும் இருந்தவர். ஆகவே, ஒரு நூதனசாலை எதற்காக, எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இலங்கைக்கு ஒரு நூதனசாலை வேண்டும் என்ற எண்ணத்தை முதலிற் கொண்டவர் அவரல்லர். 1845 இல் தோன்றிய றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை தன்னிடம் சேர்ந்த பொருள்களை வைப்பதற்கு ஓர் இடமின்றி இடர்ப்பட்டு, அரசாங்கத்தை வேண்டி வந்தது. அவ்வேண்டுகோளைச் செயலாக்கியவர் கிரெகரி. 1872 இல் அவர் சட்டநிரூபண சபையின் முன் இதனை எடுத்துரைத்தார். மறு ஆண்டிலே அனுமதி கிடைத்தது. அவரது ஆட்சிக் காலத்திலேதான் அநுராதபுரத்து இடிபாடுகளை அளந்து வரையும் பணியும், கல்வெட்டுகளைத் திரட்டும் பணியும் ஒழுங்காக நடைபெறலாயின. கல்வெட்டுப் பணிக்கு அமர்த்தப்பட்ட கோல்ட்ஸ்மித் என்னும் ஜேர்மன் அறிஞர் காட்டுக் காய்ச்சலுக்கு இலக்காகி, நூதனசாலை திறக்கப்பட்ட அதே 1877 இல் இந்நாட்டிலேயே உயிர் நீத்தார்.

கிரெகரி இலங்கையிற் கொண்ட துயரும் ஒன்றுண்டு. அவருடைய முதல் மனைவியார் 1873 இல் இத்தீவிலேயே காலமானார். தாயகம் திரும்பிய பின், 1880 இல் அவர் மணம் புரிந்த அகஸ்தா அம்மையாரே, பின்னர் கவிஞர் யேட்ஸ் முதலியோருடன் சேர்ந்து டப்ளினில் அபே நாடக அரங்கை நிறுவிய லேடி கிரெகரி. நாடக இலக்கியம் பயில்வோர் நன்கறிந்த அப்பெண்மணியின் கணவரே நம் முற்றத்திற் சிலையாய் நிற்பவர் என்பதைப் பலர் அறியார்.

ஆயினும் இவரது வரலாற்றிலே இன்னொரு பக்கமும் உண்டு. 1847 ஆம் ஆண்டு. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று அழிந்து, மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்த காலம். ஏழைகளுக்கு நிவாரணம் வழங்கும் சட்டத்திலே ஒரு வாசகத்தைச் சேர்க்க வேண்டும் என்று பாராளுமன்றத்தில் முன்மொழிந்தவர் அன்று இளம் உறுப்பினராக இருந்த கிரெகரி. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர் எவரும், அதனைக் கைவிட்டாலன்றி நிவாரணம் பெறலாகாது என்பது அவ்வாசகம். அதனால் எண்ணற்ற குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விட்டு வீதிக்கு வந்தனர். நிலத்தை விட மனமின்றிப் பட்டினியால் இறந்தோரும் உளர். அயர்லாந்தின் வரலாற்று நூல்களில் அவ்வாசகம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஒரு நாட்டுக் குடிகளின் நிலம் பறிபோகக் காரணமாயிருந்த கையே, இன்னொரு நாட்டு மக்களின் முதுசத்தைக் காக்க மாளிகை எழுப்ப ஆணையிட்டது. இதை அவரைப் பழிப்பதற்காகக் கூறவில்லை. மனிதர் ஒரு முகத்தோடு மட்டும் வாழ்வதில்லை; சிலையோ ஒரு முகத்தை மட்டுமே காட்ட வல்லது.

கட்டிடத்தை வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர். பொதுவேலைப் பகுதியிற் கட்டிடக் கலைஞராகக் கடமையாற்றியவர். அநுராதபுரத்துத் தாதுகோபங்களையும் மண்டபங்களையும் அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தவரும் இவரே. அவ்வரைபடங்கள் 1894 இல் பெருநூலாக வெளிவந்தன. நம் நாட்டுப் பழைய கட்டிடக் கலையை அவர் காலத்தில் அவரைப்போல் நுணுகி அறிந்தவர் மிகச் சிலரே. அத்தகையவர் நூதனசாலைக்கு வரைந்து கொடுத்த முகப்போ இத்தாலிய பாணியில் அமைந்தது. அநுராதபுரத்தின் செல்வங்களை வைப்பதற்கு அநுராதபுரத்தின் சாயல் சிறிதுமில்லாத ஒரு வீடு. ஆளுவோர் கட்டும் கட்டிடம் ஆளுவோரின் மொழியிலே பேச வேண்டும் என்பது அக்கால வழக்கம். எனினும் வெயிலையும் மழையையும் ஸ்மிதர் மறக்கவில்லை. முன்புறத்து வளைவுகளின் உள்ளே ஓடும் விறாந்தை வெயிலையும் சாரலையும் தடுக்கின்றது. உயர்ந்த கூரை வெக்கையை மேலே வாங்கிக்கொள்கின்றது. உடை இத்தாலியினது, உடல் இந்நாட்டுக் காலநிலைக்கு ஏற்றது.

இனி இயற்றியவரைக் காண்போம். அவர் பெயர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். 1829 இல் பிறந்து 1925 வரை வாழ்ந்த கொழும்புச் சோனகர். தமிழ் பேசும் குடியினர். "வாப்பிச்சி மரிக்கார் பாஸ்" என்றே ஊரார் அவரை அழைத்தனர். பாஸ் என்னும் சொல் நம் நாட்டிலே கைத்தொழில் வல்லவனைக் குறிப்பது. மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று இன்றும் கூறுகிறோமன்றோ? பிற்காலத்திலே பெருஞ்செல்வராய் விளங்கியபோதும் அச்சொல் அவர் பெயரை விட்டு நீங்கவில்லை. புறக்கோட்டைப் பழைய நகர மண்டபத்தை 1873 இல் ஸ்மிதரின் வரைபடத்திற்கேற்பக் கட்டியவரும் அவரே; 1895 இல் கோட்டைப் பகுதியில் எழுந்த பிரதம தபாற் கந்தோரும் அவர் கட்டியதே. கொழும்பு நகரத்தின் அக்கால முகத்தைச் சமைத்த கைகளுள் அவர் கை முதன்மையானது.

அக்காலத்தில் இவ்வளவு பெரிய கட்டிடத்தை எழுப்புவது எத்தகைய வேலை என்பதை இன்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சீமெந்து இங்கு எளிதிற் கிடைக்காத காலம். செங்கல்லைச் செங்கல்லோடு பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. சுண்ணாம்பைச் சூளையிற் சுட்டு, நீர் விட்டு நீற்றி, மணலோடு சேர்த்துக் குழைத்துப் பதம் பார்க்க வேண்டும். பதம் தவறினாற் சுவர் தவறும். சுண்ணாம்புச் சுவர் இறுகுவதற்கு நாட்செல்லும். அவசரம் அதற்கு ஆகாது. வளைவு ஒன்றைக் கட்டுவதாயின், முதலில் மரத்தினால் அதன் உருவைச் செய்து நிறுத்தி, இரு புறமிருந்தும் கற்களை அடுக்கி வந்து உச்சியிலே பொருத்தி, சாந்து இறுகிய பின்னரே மரத்தை எடுக்க வேண்டும். இவ்வாறு ஒன்றன்று, இரண்டன்று; இரு தளத்திலும் நீளும் வரிசைகள். 1876 இல் கட்டிடம் நிறைவெய்தியது. இத்தனை மழைக்காலங்களைக் கண்ட பின்னும் அவ்வளைவுகள் நிற்கும் நேர்த்தியே அந்த மேசன்மாருக்கு நற்சாட்சிப் பத்திரம்.

1877 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் நூதனசாலை திறக்கப்பட்டது. அன்றைய நாளைப் பற்றி வழிவழியாக வழங்கும் செய்தி ஒன்றுண்டு. கட்டிடத்தின் அழகிலே மகிழ்ந்த தேசாதிபதி, வாப்பிச்சி மரிக்காரை நோக்கி, இப்பணிக்கு உமக்கு என்ன சிறப்பு வேண்டும் என்று கேட்டாராம். மரிக்கார் தமக்கென எதனையும் வேண்டவில்லை. முஸ்லிம்களின் கூட்டுத் தொழுகை நாளாகிய வெள்ளிக்கிழமைதோறும் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும் என்பதே அவரது வேண்டுகோள். அது ஏற்கப்பட்டது. மர வேலை செய்த தச்சுத் தலைவரிடமும் தேசாதிபதி அதே கேள்வியைக் கேட்டதாகவும், அவர் ஒரு பட்டத்தை வேண்டிப் பெற்றதாகவும் கூறுவர்.

தச்சர் வேண்டியதைக் குறைவாக எண்ணலாகாது. உளி பிடித்த கைக்குப் பட்டம் கிடைப்பது அக்காலத்திலே சிறிய செய்தியன்று. ஆனால் மரிக்காரின் வேண்டுகோளை நினைக்குந்தோறும் என் உள்ளம் வியக்கின்றது. நிலம் கேட்டிருக்கலாம், பணம் கேட்டிருக்கலாம், சுவரிலே தம் பெயரைப் பொறிக்குமாறு கேட்டிருக்கலாம். அவர் கேட்டதோ ஒரு நாள். தம் ஒருவருக்கல்ல, தம் சமூகத்தார் அனைவருக்குமாக. பட்டம் பெற்றவரோடு பட்டமும் முடிந்திருக்கும். மரிக்கார் பெற்ற வரமோ வாரந்தோறும் புதிதாகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அங்கு சென்று பூட்டிய கதவைக் கண்டு, ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டவருக்கெல்லாம் அவர் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். கல்லிலே பொறியாத கல்வெட்டாக அப்பூட்டிய கதவு விளங்கிற்று.

இந்த வழக்கம் நெடுங்காலம் நிலைத்தது. கண்டி அரசரின் சிம்மாசனம் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, வெள்ளிக்கிழமைகளிலும் திறந்து வைப்பதற்கு மரிக்காரின் பேரர் சேர் ராசிக் பரீதின் சம்மதம் பெறப்பட்டதாகச் சொல்வார்கள். கொடுத்த வாக்கை மாற்றுவதற்குக் கட்டியவரின் பேரரிடம் அனுமதி கேட்ட அந்த மரியாதையே போற்றத் தக்கது. பின்னாளில் அவ்வழக்கம் கைவிடப்பட்டு, வெள்ளிக்கிழமையிலும் நூதனசாலை திறக்கப்படலாயிற்று. எல்லா நாளும் திறந்திருப்பது மாணவர்க்கு நன்மையே. அதில் எனக்கு வேறு கருத்தில்லை. ஆனால் கதவு திறந்த அன்றே அக்கல்வெட்டு அழிந்துவிட்டது என்பதையும் நாம் உணர வேண்டும். கதவு சொல்லிவந்த கதையை இனி வாய்தான் சொல்ல வேண்டும்.

வாப்பிச்சி மரிக்காரின் பணி கல்லோடும் சுண்ணாம்போடும் நின்றுவிடவில்லை. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகிய அசன்பே சரித்திரத்தை 1885 இல் வெளியிட்ட சித்திலெவ்வை அவர்கள் முஸ்லிம் பிள்ளைகளுக்கு நவீன கல்வி வேண்டுமென்று உழைத்தபோது, துணை நின்றவர்களுள் மரிக்காரும் ஒருவர். அம்முயற்சியின் பயனாக 1892 இல் மருதானையில் எழுந்த பாடசாலையே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. பழமையைக் காக்க ஒரு வீடு, வருங்காலத்தை வளர்க்க ஒரு வீடு என இரண்டிலும் அவருக்குப் பங்குண்டு.

ஏவியவரும் இயற்றியவரும் ஆயிற்று. இலக்கணம் இன்னும் ஒன்றைக் கேட்கும்: கருவி யாது? மண்ணாலாகிய குடம் என்பதில் மண் முதற்கருவி. நூதனசாலை எதனால் ஆயிற்று? செங்கல்லால், சுண்ணாம்பால், மரத்தால் என்பது ஒரு விடை. அவற்றை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை கோப்பி.

1870 களின் முற்பகுதியிலே கோப்பியின் விலை ஏறி நின்றது. அரசாங்கத் திறைசேரி நிறைந்திருந்தது. கிரெகரியின் நற்பணிகள் பலவும் அந்த நிறைவினால் நடந்தவை. அக்கோப்பியை நட்டவர்களும் பறித்தவர்களும் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காடுகளினூடே மாத்தளை வரை கால்நடையாய் நடந்து, வழியிலே வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் உறவினரைப் பறிகொடுத்து மலைநாட்டை அடைந்தவர்கள். அவர்கள் உண்ட இறக்குமதி அரிசிக்கும் சுங்க வரி இருந்தது. ஆகவே அவர்கள் உழைப்பு மட்டுமன்று, அவர்கள் உண்ட ஒவ்வொரு கவளமும் அத்திறைசேரியிற் சென்று சேர்ந்தது.

திறப்பு விழா நடந்த அதே 1877 சனவரி முதலாம் நாளிலேதான், டில்லியிலே பெரும் தர்பார் கூட்டி விக்டோரியா அரசியாரை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பறைசாற்றினர். அவ்வேளை சென்னை மாகாணத்திலே கொடும்பஞ்சம் தலைவிரித்தாடியது. பஞ்சத்துக்குத் தப்பி மக்கள் ஆயிரமாயிரமாக இலங்கைக் கரையிலே வந்து இறங்கினர். முப்பதாண்டுகளுக்கு முன் தம் நாட்டுப் பஞ்சத்திலே கால் ஏக்கர் வாசகத்தை எழுதியவர், இப்பொழுது இன்னொரு பஞ்சத்தின் மக்கள் வந்து சேரும் நாட்டின் தேசாதிபதி. வரலாறு சிலவேளைகளில் ஒரே மனிதரை ஒரே கேள்வியின் முன் இருமுறை நிறுத்துகின்றது. அந்த ஆண்டிலேயே கிரெகரி பதவி விட்டுச் சென்றார். 1869 இல் தலைகாட்டிய இலைநோய் மெல்ல மெல்லப் பரவி, அடுத்த பத்தாண்டிற்குள் கோப்பிப் பயிரையே அழித்தது. சற்றுப் பிந்தியிருந்தால் இந்த மாளிகை எழுந்திராது.

இத்தனை கைகள் சேர்ந்து எழுப்பிய வீட்டின் உள்ளே இருப்பது என்ன? ஒரு பொருளை மட்டும் குறிப்பிடுகிறேன். 1911 இல் காலி நகரிலே ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த கற்பலகை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அதிலே சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மூன்று மொழிகளில் எழுத்துகள். 1409 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சீனத் தளபதி செங் ஹோவின் கப்பற் பயணத்தோடு இங்கு வந்தது. சீனப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தென்துறையிற் கோயில் கொண்ட தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் வழியிலும் காணிக்கைகளைக் கூறுகின்றன. மூன்று மொழிகளும் மூன்று சமயங்களும் ஒரே கல்லிலே ஒருவரையொருவர் இடியாது நிற்கின்றன. நூதனசாலை என்ற ஒன்று இல்லாதிருந்தால், அக்கல் மீண்டும் எந்த மதகை மூடப் போயிருக்கும்?

அயர்லாந்தவர் ஏவ, ஆங்கிலேய அரசாங்கத்துக் கலைஞர் இத்தாலிய பாணியில் வரைய, தமிழ் பேசும் சோனகர் கட்ட, மலைநாட்டுத் தொழிலாளரின் உழைப்பு விலை கொடுக்க, சிங்கள அரசர்களின் சிம்மாசனமும் பொலன்னறுவைச் சிவாலயங்களின் செப்புத் திருமேனிகளும் உள்ளே குடிபுகுந்த வீடு அது. இதனை ஓர் இனத்தின் வீடு என்றோ, ஒரு மனிதரின் கொடை என்றோ கூறுவது எவ்வளவு பெரிய பிழை! பழமை யாருக்கு உரியது என்ற வழக்கிலே நாம் மிகுதியாகக் காலத்தையும் உயிர்களையும் இழந்திருக்கிறோம். அவ்வழக்கிற்கு விடை, பழமையை வைத்திருக்கும் வீட்டின் சுவரிலேயே இருக்கின்றது.

மறு வாரம் வகுப்பிலே அம்மாணவனை எழுப்பி, நான் சொன்ன விடை தவறு என்று ஒப்புக்கொண்டேன். கரும்பலகையிலே மூன்று வரிகள் எழுதினேன். கிரெகரியால் கட்டப்பட்ட நூதனசாலை. வாப்பிச்சி மரிக்காரால் கட்டப்பட்ட நூதனசாலை. கோப்பியால் கட்டப்பட்ட நூதனசாலை. மூன்றிலும் வரும் உருபு ஒன்றே. பொருளை வேறுபடுத்துக என்றேன். பிள்ளைகள் சரியாகவே வேறுபடுத்தினார்கள்.

ஆனால் கேள்வி கேட்டவன் அத்துடன் விடவில்லை. "கல் சுமந்த ஆக்களின்ரை பேர் என்ன, ஐயா?" என்றான். நான்காவது வரியை எழுதுவதற்குச் சுண்ணக்கட்டியை எடுத்தேன். எழுதப் பெயர் இல்லை. அந்த வரிக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டேன். மாணவர்களை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரிய அன்பர்கள், சிலையைக் காட்டிய பின், அதன் பின்னே நிற்கும் வளைவுகளையும் ஒரு முறை சுட்டிக் காட்டி, வாப்பிச்சி மரிக்காரின் பெயரையும், வெறுமையாய் விட்ட அந்த இடத்தையும் சொல்வார்களாயின், என் பிழைக்கு அதுவே கழுவாயாகும்.